பதினோராவது மனு

பாம்பனிலிருந்து முதல் பஸ்சில் வந்த ஜெபமாலை, ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசின் திங்கட்கிழமை வரிசையில் வீங்கிய காலோடு நின்றாள்.

“ரேஷன் கார்டு மனுதானே? இது பதினோராவது தடவைம்மா. அலுக்கலையா?” என்றார் கிளார்க் நாகநாதன்.

“அலுக்குது சார். இன்னைக்கு வர வேணாம்னுதான் நெனச்சேன். காலையில ஜெபம் பண்ணிட்டு எந்திரிச்சா, இருக்க முடியல. வந்துட்டேன்.”

“பாவம், இன்னுமா உங்களுக்குக் கார்டு வரல?”

“எனக்கு மூணாவது மனுவுலயே வந்துருச்சு சார்.”

அவர் நிமிர்ந்தார். “அப்ப இது?”

“எங்க தெருவுல இன்னும் ஆறு வீட்டுல அடுப்பு எரியல சார். ‘எங்களுக்குச் சோறு குடு’ன்னுதான ஜெபத்துல கேக்குறேன். ‘எனக்கு’ன்னு கேக்கலையே.”

நாகநாதன் மனுவை வாங்கி, முதன்முறையாக அதை முழுதாகப் படித்தார்.