நுழைவாயிலில் பன்னிரண்டு கப்பல்கள்

கணினித் திரையில் பன்னிரண்டு விண்கப்பல்களும் நுழைவாயிலில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. சேர்த்துக் கட்டளையிட்டால் எல்லாம் ஒரே புள்ளிக்குப் பாயும். இந்தப் பழைய விளையாட்டின் கோளாறு அது. ஆனாலும் திரையில் மின்னும் அதன் நீல நட்சத்திரங்களுக்கு ஈடில்லை. வாயிலுக்கு அப்பால், ஆடிக்கொண்டிருக்கும் தலை நரைத்த தம்பியின் கடைசிக் கோளை எதிரிகள் நெருங்குகிறார்கள். சின்ன வயதில் இதே கணினியில் அவன் தோற்றதே இல்லை. பிற்பகல் வெயிலில் விசைப்பலகையில் ஒரு விசை மட்டும் எழுத்தழிந்து பளபளக்கிறது.

"தளபதியாரே, எல்லாரையும் ஒண்ணா நெட்டித் தள்ளினா எப்படிடா போவாங்க?" துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா அருகில் வந்து உட்காருகிறாள்.

"சின்ன வயசுல மட்டும் எப்படிப் போச்சு?"

"நீ சுட்டுக்கிட்டிருந்தே. நான் இதை அமுக்கிக்கிட்டிருந்தேன்." அவள் விரல் தேய்ந்த விசைக்குத் தானாகப் போகிறது. அது கப்பல்களை நிறுத்தும் விசை. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வாயிலை ஒட்டி நிற்பதை முதலில் அனுப்பினால், மற்றவை ஒவ்வொன்றாகப் போய்விடும்.