மாப்பிள்ளை லினக்ஸ் போட்ட கதை

“இது கம்ப்யூட்டரா மாமா, இல்ல கருங்கல்லா?” என்று கேட்டார் மாப்பிள்ளை.

அப்பா சிரித்தார். மாப்பிள்ளை ஜோக் அடித்தால் சிரித்துத்தானே ஆகவேண்டும்.

விண்டோஸ் திறப்பதற்கு ஏழு நிமிடம் ஆகியிருந்தது. ஏழு நிமிடமும் மாப்பிள்ளை கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், என்னமோ அவர் வீட்டு நேரம் போகிற மாதிரி.

உண்மையில் அவர் வந்த காரியம் வேறு. மூன்று வாரமாகப் பிறந்த வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் மனைவியை ஐந்து மணி பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அடிக்கிறாரா என்றால் இல்லை. குடிக்கிறாரா என்றால் அதுவும் இல்லை. விளக்கம் சொல்கிறார். அதுதான் அவளுடைய புகார். கதவை எப்படிச் சாத்துவது, குழாயை எவ்வளவு திருப்புவது, அவள் அலுவலகத்தில் அவளுடைய மேலதிகாரி அவளிடம் சொன்னதற்கு உண்மையில் என்ன அர்த்தம் என்று விடிந்ததிலிருந்து படுக்கிறவரை விளக்கம்.

இதெல்லாம் ஒரு காரணமா என்று அப்பாவே கேட்டுவிட்டார். தங்கமான மனுஷன், கொஞ்சம் அனுசரித்துப் போ என்றார்.

அப்பாவே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டபிறகு அவள் யாரிடம் போய் முட்டிக்கொள்வது? சரி, போகிறேன் என்று தலையாட்டிவிட்டாள். ராத்திரியெல்லாம் தூக்கம் வரவில்லை.

மாப்பிள்ளை பையிலிருந்து பென்டிரைவை எடுத்தார். வரும்போது லினக்ஸ் போட்டுத் தருகிறேன் என்று போனிலேயே வாக்குக் கொடுத்திருந்தார். விண்டோஸ் பார்க்கிற வேலையையே பார்க்கும் கனமில்லாத லினக்ஸாம். செத்துக்கொண்டிருக்கிற கம்ப்யூட்டர்கூட எழுந்து உட்காருமாம்.

நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். அப்பாவுக்கு ஸ்டூல்.

பென்டிரைவ் என்றால் என்ன என்பதில் ஆரம்பித்தார். அதை எந்தப் பக்கமாகச் செருகவேண்டும் என்பதற்கு மட்டும் ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். அப்பா அப்படியா மாப்பிள்ளை, அப்படியா மாப்பிள்ளை என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஒரே வீட்டுல ரெண்டு குடித்தனம் மாதிரி மாமா. விண்டோஸ் பாட்டுக்கு இருக்கும், லினக்ஸ் பாட்டுக்கு இருக்கும். ஒருத்தர் விஷயத்துல ஒருத்தர் மூக்கை நுழைக்கமாட்டாங்க.”

சொன்னவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அறை வாசலில் நின்றவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுகிற மாதிரி சமாளித்தாள்.

திரையில் கேள்வி வந்தது. விண்டோஸை விட்டுவைத்துப் பக்கத்தில் போடவேண்டுமா, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போடவேண்டுமா? மாப்பிள்ளை பேச்சு மும்முரத்தில் அம்புக்குறியை நேராக இரண்டாவதில் கொண்டுபோய் வைத்தார்.

“அதுல ‘அழிக்கவும்’னு போட்டிருக்கே மாப்பிள்ளை. நான்தான் தப்பாப் படிக்கிறேனோ?” என்றார் அப்பா.

மாப்பிள்ளையின் விரல் நின்றது. மாமா கவனிக்கிறாரா என்று சோதித்துப் பார்த்தாராம். முதலாவதை அழுத்தினார்.

நான்தான் தப்பாப் படிக்கிறேனோ. அந்தக் குரல் அவளுடையது. மாப்பிள்ளை தப்பான தெருவில் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் நாலு வருஷமாக அவள் பேசிவந்த குரல் அது.

அடுத்து ஹார்ட் டிஸ்க்கைப் பங்கு பிரிக்கும் படலம். விண்டோஸுக்கு எவ்வளவு, லினக்ஸுக்கு எவ்வளவு என்று கோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்து இருபது நிமிடம் பிரசங்கம் நடந்தது. நடுவில் அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாப்பிள்ளை கையை உயர்த்தினார். கேள்வியெல்லாம் கடைசியில். அப்பாவின் காது சிவந்துபோனதை அவள் பார்த்தாள்.

அதன்பிறகு மீதி வேலையைக் கம்ப்யூட்டர் தானே பார்த்துக்கொண்டது. பெருமையை மாப்பிள்ளை எடுத்துக்கொண்டார்.

அணைத்துப் போட்டதும் இரண்டு பெயர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. லினக்ஸ் நாற்பது விநாடியில் திறந்துகொண்டது. மாப்பிள்ளை கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

“புரிஞ்சுதா மாமா? உங்க வயசுக்கு இதெல்லாம் கொஞ்சம் கஷ்டம்தான்.”

அப்பா கல்லூரியில் வேலை பார்த்தவர் என்று மாப்பிள்ளைக்குத் தெரியும். என்ன வேலை என்று நாலு வருஷத்தில் கேட்கத் தோன்றியதில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். இருபத்திரண்டு வருஷம் கம்ப்யூட்டர் லேப் அவர் பொறுப்பில்தான் இருந்தது. அங்கிருந்த அறுபது கம்ப்யூட்டரிலும் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸைப் போட்டவர் அவர்தான்.

இதிலும் போட்டு வைத்திருந்தார். இன்று காலை வரைக்கும் இருந்தது. மாப்பிள்ளை வருவதற்கு முன்னால் உட்கார்ந்து தன் கையாலேயே அழித்துவிட்டார். எதற்குப்பா என்று அவள் கையைப் பிடித்துத் தடுத்தபோது, நமக்கு முன்னாலேயே தெரியும் என்றால் அவர் முகம் சுண்டிப்போகும், ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருந்துவிட்டு உன்னை நல்லபடியாகக் கூட்டிக்கொண்டு போகட்டுமே என்றார்.

இப்போது ஸ்டூலிலிருந்து எழுந்தார். புரிந்தது மாப்பிள்ளை என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிறது, நீங்கள் மட்டும் கிளம்புங்கள் என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

மாப்பிள்ளை விளக்கம் கேட்டார்.

அப்பா மகளின் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

“எனக்கு ஒரு மணி நேரத்துக்கே மூச்சு முட்டிப்போச்சு. நீ எப்படிம்மா நாலு வருஷம் இருந்தே?”