பெரிய பங்கு

"பழைய வீட்டு வீடியோ எங்கேம்மா? என் பொண்ணு பார்க்கணும்கிறா."

"அழிச்சிட்டேன்டா" என்றாள் அம்மா, மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டைக் காலி செய்த அன்று அப்பா அறை அறையாக நடந்து எடுத்த வீடியோ அது. வருஷா வருஷம் அவன் உயரத்தைப் பென்சிலால் குறித்த கதவு, மாடிப்படியில் உடைந்துபோன மூன்றாவது படி, எல்லாம் அதில்தான் இருந்தன. அந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள்.

"அதைப் போய் யாராவது அழிப்பாங்களா?"

"பின்னே என்ன செய்யச் சொல்றே? உன் பொண்ணு முதல்முதல்ல நடந்ததை அனுப்பினியே, வைக்க இடமில்லைன்னு இந்தக் கம்ப்யூட்டர் ஒத்தைக்கால்ல நின்னுச்சு. ஒண்ணு உள்ளே வரணும்னா ஒண்ணு வெளியே போகணும்."

அவன் கம்ப்யூட்டரைப் போட்டான். அது ஆடி அசைந்து கண் விழிப்பதற்குள் ஒரு குளியலே போட்டுவிட்டு வரலாம்.

அவன் காலேஜில் படித்தபோது வாங்கியது. வந்த அன்றே ஹார்ட் டிஸ்க்கைப் பங்கு பிரித்தவனும் அவன்தான். நாளைக்கே கம்ப்யூட்டர் கெட்டு, எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட நேர்ந்தாலும் சொந்த ஃபைல்கள் தப்பிக்க வேண்டுமே! அதற்காகத் தனியே இரண்டு டிரைவ். பெரிய மனசு பண்ணி அம்மாவுக்கு நாற்பது ஜிபி கொடுத்தான். தனக்கு நானூறு. "என் டிரைவ் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கக்கூடாது" என்று கண்டிப்பு வேறு.

ஒரே நாற்காலியில் அப்பாவும் அவனும் இடித்துக்கொண்டு உட்கார்ந்து கார் பந்தயம் ஆடியதும், அந்தச் சத்தம் தாங்காமல் அம்மா கரண்டியோடு வந்து நின்றதும் ஞாபகம் வந்தன. எவ்வளவு நல்ல நாட்கள் என்று ஏக்கமாக இருந்தது.

"வேற என்னெல்லாம் அழிச்சே?"

அம்மா விரல் விட்டு எண்ணினாள். "எங்க ஸ்கூல் ஆண்டு விழா, ஆறு வருஷத்தோடது. உங்க அக்கா கல்யாணத்துல பாதி. நான் ரிட்டயர் ஆன அன்னைக்கு என் வகுப்புப் பிள்ளைங்க பேசினது."

"அதையுமா?"

"அடுத்தது, உன்னை ஏர்போர்ட்ல வழியனுப்பினது. மனசு வராம ஒரு வாரமா தள்ளிப் போட்டுக்கிட்டிருக்கேன்."

"இனிமே எதையும் அழிக்காதே. என்னோடதுல முக்கால்வாசியை வெட்டி உன்னோடதுல சேர்த்துடறேன். ஒரு மணி நேர வேலை."

அம்மாவின் முகம் மாறிவிட்டது. "வேண்டாம்டா. வெட்டுறப்போ உன்னோடது ஏதாவது போயிட்டா?"

"போகாதும்மா. எல்லாத்தையும் வேற டிஸ்க்ல காப்பி எடுத்து வச்சுக்கிட்டுத்தான் கை வைப்பேன்."

"எனக்கென்னவோ பயமா இருக்கு. நான் ஒருநாள்கூட அதைத் திறந்து பார்த்ததில்லை. ரிப்பேர்க்காரர் வந்தாக்கூட எழுந்து போக மாட்டேன். என் பிள்ளை சாமானெல்லாம் அதுல இருக்கு, பார்த்துக் கை வைங்கன்னு சொல்லிக்கிட்டே இருப்பேன்."

ஒருவழியாகத் திரை தெளிந்தது. அம்மாவின் டிரைவ் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவன் தன்னுடையதைத் திறந்தான்.

ஒன்றுமே இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய அன்று, எல்லாவற்றையும் ஒரு சின்ன டிஸ்க்கில் வழித்து எடுத்துக்கொண்டு போனது அப்போதுதான் அவனுக்கு நினைவுக்கு வந்தது.

அம்மா திரையைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு கவலையோடு கேட்டாள்:

"உன்னோடதெல்லாம் பத்திரமா இருக்காடா?"