மரை போன போல்ட்

ஞாயிறு பூசை முடிந்ததும் நேராக மேத்யூ வீட்டுக்குப் போனேன். ஈக்காட்டுத்தாங்கல் மெக்கானிக் பவுல்சாமியும் கூடவே வந்தார்.

கேட்டைத் திறந்த மேத்யூ எங்களை மாறி மாறிப் பார்த்தான்.

“கார்ல ஆயில் போல்ட்டோட மரை தேஞ்சுபோச்சு, ஆயில் ஒழுகுது, வண்டியை எடுக்கவே முடியலன்னியேடா. அதான் இவரைக் கூட்டிட்டு வந்தேன். புது போல்ட்டும் வாங்கியாச்சு.”

“இப்ப எதுக்குடா? ஷோரூம்ல சொல்லியிருக்கேன்.”

“அவங்க ஆயில் சேம்பரையே மாத்தணும்பாங்க சார்,” என்றபடி பவுல்சாமி கோணியை விரித்துக் காருக்கு அடியில் புகுந்தார்.

மேத்யூ காபி குடிக்க உள்ளே கூப்பிட்டான். நான் நகரவில்லை.

“போல்ட்டு நல்லா டைட்டா கீது சார்,” என்று அடியிலிருந்து குரல் வந்தது. “மேல மண்ணு அப்பிகினு கீது. ரொம்ப நாளா யாரும் ஸ்பேனரே வைக்கல.”

மேத்யூ தரையைப் பார்த்தான். தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

“யாருடா உன்னை மெக்கானிக்கைக் கூட்டிட்டு வரச் சொன்னது?” என்றான் கடைசியில்.

“அம்மாதான். ஆபரேஷன் முடிஞ்சு அவங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகத்தானே உன் காரைக் கேட்டேன். நீ வண்டி ரிப்பேருன்னதும் ஆட்டோலதான் போனோம். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் தையல் வலி தாங்காம ஜெபமாலையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அப்பவும் உன் வண்டி சீக்கிரம் சரியாகணும்னுதான் வேண்டிக்கிட்டு வந்தாங்க.”

புது போல்ட்டை அவன் கையில் வைத்தேன்.

“வண்டி சரியாயிடுச்சு, மாதா கேட்டுட்டாங்கன்னு சொல்லிடறேன்.”