அறையில் ஆட்கள்: 3

மதியச் சாப்பாடு முடிந்ததும், பிஷ்கெக் அலுவலகத்தில் நுர்சுலு, நிரல்களைக் கணினிமொழிக்கு மாற்றும் கம்பைலரை மூலநிரலிலிருந்து கட்ட உட்கார்ந்தாள். கட்டுவதற்கு முன் கணினி எல்லாவற்றையும் சோதித்து நூற்றுக்கணக்கான வரிகளைத் திரையில் ஓட்டும், அவற்றை யாரும் படிப்பதில்லை. அன்றைக்கு ஒரு வரி அவள் கண்ணில் பட்டுவிட்டது.

'அறையில் ஆட்கள்: 3.'

"எர்மெக், நாம ரெண்டு பேருதானே இருக்கோம்?"

"மூணாவது ஆள் இருந்தா இந்நேரம் தட்டுல பொரிச்ச போர்சோக் தீர்ந்திருக்குமேக்கா," என்று எதிர்மேசையிலிருந்து சிரித்தான் எர்மெக். "பழைய முடிவு எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி ஓட்டுங்க."

அழித்துவிட்டு ஓட்டினாள். மறுபடியும் மூன்று.

"விளையாடாதடா, பயமா இருக்கு."

"நான் தொடவே இல்லக்கா. சோதனை தப்பாச் சொன்னா எப்பவும் என்ன பண்ணுவோம்? விடைய நாமளே எழுதிடுவோம். ரெண்டுன்னு போட்டுடுங்க."

சோதனை விடைகளை முன்கூட்டியே எழுதிவைக்கும் கோப்பில் 'ஆட்கள்=2' என்று சேர்த்து ஓட்டினாள். அந்த வரியும் அடங்கிப்போய் 2 என்றது.

"சரியாயிடுச்சுடா," என்று நிமிர்ந்தாள்.

எர்மெக்கின் நாற்காலி காலி. அவன் பியாலாவில் தேநீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அறைக்கதவு திறக்கவே இல்லை.

அவனைத் திரும்ப வரவழைக்க 2-ஐ 3 ஆக்கிவிடலாம் என்று கோப்பைத் திறந்தாள். அதை இன்னொருவர் திருத்திக்கொண்டிருப்பதாகத் திரை சொன்னது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 2 அழிந்து, அங்கே 1 விழுந்தது.