இனிஷியல்

மருந்துக் கடையில் பில் போடும் மென்பொருளை எழுதி, யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இலவசமாகத் திறந்துவிட்டவர் அவரேதான். வந்து குவிந்த திருத்தங்களில் ஒன்றைக்கூடச் சேர்க்காதவரும் அவரேதான்.

“நான் பெத்த பிள்ளைக்கு ஊரே கூடித் தலை சீவணுமா?” என்று மனைவியின் மருந்துக் கடையில் உட்கார்ந்து பொருமினார். “உன் கம்ப்யூட்டர்லயும்தான் ஓடுது. மக்கர் பண்ணுதா?”

“ஆரம்பத்துல தினமும் பண்ணிச்சு. இப்ப ஒரு வருஷமா இல்லை.”

“பாத்தியா?” அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

மனைவி பில்லைக் கிழித்தபடி சொன்னாள்: “நீங்க தள்ளிவிட்ட திருத்தத்தையெல்லாம் சேத்து, அனுப்பினவங்களே தனியா ஒண்ணு வெளியிட்டாங்க. போன வருஷமே அதுக்கு மாறிட்டேன். பெத்த அப்பா பேரு இருக்கட்டுமேன்னு, திரையில உங்க பேரை மட்டும் அப்படியே விட்டுவெச்சிருக்கேன்.”