இருநூத்திப் பதினாலாம் வில்லை

இன்னும் கிட்ட வந்து உக்காருங்க. இதைச் சத்தமாச் சொல்ல முடியாது. ஜெபசீலன் வீடு அடுத்த தெருதான்.

முக்கூடல்ல இருந்து ஒரு காலத்துல வடக்கே தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவங்க அநேகம். அவங்க நினைவா ஊர்க்காரங்க வச்ச சின்ன அருங்காட்சியகத்துக்கு ஜெபசீலன்தான் காவல். "ஒரு சாமான் காணாமப் போச்சுன்னாலும் உமக்கு வேலை கிடையாது வே"ன்னு செயலாளர் தில்லைநாயகம் முதல் நாளே சொல்லிட்டாரு. அன்னையில இருந்து மனுசனுக்கு வாறவங்க போறவங்க எல்லாருமே திருடங்கதான்.

அங்கன சுவத்துல ரெண்டு பலகை. ஒண்ணுல 'கீழே'ன்னு எழுதியிருக்கும், இன்னொண்ணுல 'மேலே'. சுரங்கத்துல இறங்குதவன் தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையை 'கீழே'யில மாட்டிட்டுப் போவான். ஏறி வந்ததும் எடுத்து 'மேலே'யில மாட்டுவான். யாரு இன்னும் உள்ள கிடக்கான்னு அதை வச்சுத்தான் தெரியும். பாக்க எடுப்பா இருக்கட்டும்னு இங்கன அறுபது வில்லையும் 'கீழே'யிலதான் தொங்கும்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் பாத்தா, 214 மட்டும் 'மேலே'யில தொங்குது. எடுத்துப் பழைய ஆணியில மாட்டினாரு. அடுத்த வியாழனும் அதே கதை. அதுக்கடுத்த வியாழனும்.

வருகைப் பதிவைப் புரட்டினாரு. மூணு நாளும் ஒரே பேரு, அஸ்ஃபியா. அம்பது வயசுப் பொம்பள.

தில்லைநாயகத்துகிட்ட ஓடிப்போய்ச் சொன்னாரு: "நோட்டம் பாக்கா அண்ணாச்சி. இன்னைக்கு ஆணி மாத்துவா, நாளைக்குப் பையில போடுவா."

"பித்தளை விக்குத விலைக்குப் போடாம என்ன செய்வா? கையும் களவுமாப் பிடியும் வே!"

நாலாம் வியாழன் கதவுக்குப் பின்னால பதுங்கி நின்னாரு. அவ வில்லையைத் தொட்டதுதான் தாமதம், பாய்ஞ்சிட்டாரு.

"ஏம்மா! பையைக் காட்டு."

பையில ஒரு குடை, தண்ணி பாட்டில், பஸ் டிக்கெட்டு.

"பின்ன எதுக்கு வாராவாரம் இதை மாத்துதே?"

"இது எங்க வாப்பா வில்லை. எனக்கு எட்டு வயசு அப்ப. பாறை சரிஞ்சி உள்ளயே போயிட்டாவ. மையத்துகூடக் கிடைக்கல." அவ குரல் இறங்கிட்டு. "நான் வந்து வாப்பாவை மேலே ஏத்திவிடுதேன். நான் அந்தப் பக்கம் போனதும் நீங்க திரும்பக் கீழே அனுப்பிடுதிய."

ஜெபசீலன் பையை அவகிட்டத் திருப்பிக் கொடுத்தாரு. அப்புறம் விறைப்பா, "காட்சிப் பொருளை யாரும் தொடக் கூடாது. நாளைக்கே கண்ணாடி போட்டுப் பூட்டிருவேன்"னாரு.

சொன்னபடியே பூட்டிட்டாரு.

அடுத்த வியாழன் தில்லைநாயகம் வந்தப்ப, அஸ்ஃபியா கண்ணாடிக்கு முன்னால முக்காட்டால வாயைப் பொத்திக்கிட்டு நின்னா.

தில்லைநாயகம் உள்ள எட்டிப் பாத்தாரு. "என்ன வே இது? 'கீழே'யில ஒண்ணுகூட இல்ல! அறுபதையும் தூக்கி 'மேலே'யில மாட்டியிருக்கீரு?"

"ஷிப்டு முடிஞ்சிட்டு அண்ணாச்சி"ன்னு சொன்ன ஜெபசீலன், பூட்டை ஒரு இழுப்பு இழுத்துப் பாத்துட்டு, சாவியை அஸ்ஃபியா கையில கொடுத்தாரு.